அட்டைக் கோட்டையும் ஒற்றை அம்பும்

காட்டண்ணையை மறுபடியும் படம் எடுத்துவிட்டார்கள். இது எத்தனையாவது தடவை என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். காட்டில் ஒளிந்திருந்து, பணக்காரரை மறித்துப் பறித்து, ஏழைகளுக்குக் கொடுத்த அந்தப் பழைய இங்கிலாந்து வில்லாளியைத்தான் சொல்கிறேன். லண்டன் சவுத்தாலில் எங்கள் வீட்டில் அவனுக்குக் காட்டண்ணை என்று பெயர். அப்பா வைத்தது. ஒரு படத்தில் அவனைச் சிரிப்புக்காரன் ஆக்கினார்கள். இன்னொன்றில் போர்க்களத்திலிருந்து வந்த மௌனி ஆக்கினார்கள். வேறொன்றில் சேற்றிலும் இரத்தத்திலும் போட்டுப் புரட்டினார்கள். இப்போதைய புதுமை, கோட்டையில் அவனுக்காகக் காத்திருக்கும் சீமாட்டியின் கையிலும் ஒரு வில்லைக் கொடுத்திருப்பது. அதற்குப் பத்திரிகைகள் எல்லாம் பாராட்டு. இதுவரை எந்தப் பெண்பிள்ளையும் வில்லைத் தொட்டதில்லை என்பதுபோல எழுதுகிறார்கள்.

என் வயதுக்காரர்களே, உங்களுக்குத் தெரியும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கவுன்சில் வாடகை அடுக்குமாடிகளின் பின்புறப் புல்வெளிகளில் வளர்ந்தவர்கள் நீங்கள். காட்டண்ணையின் பெரிய படம் வந்த அந்தக் கோடையில் விளையாட்டில் நீங்களும் யாரோ ஒருவராக இருந்திருப்பீர்கள். நான் காட்டண்ணையாக இருந்தேன்.

இதை இப்போது எழுதக் காரணம் தம்பி. போன மாதம் கூப்பிட்டான். அவனுடைய மகள் பெரியபிள்ளையாகிவிட்டாள், சாமத்திய வீடு என்ற பூப்பு விழா செய்யப்போகிறானாம்.

"அக்கா, உங்கடை சாமத்திய வீட்டுக் கசெற் உங்கட்டைத்தானே கிடக்கு?"

"ஓம். ஏன்?"

"இல்லை, பிள்ளைக்குக் காட்டண்ணை தீம்தான் போடுறம். புதுப் படத்திலை அந்தப் பொம்பிளை வில்லோடை வாறாவெல்லே, அந்த மாதிரி. அதுக்கு முதல் பெரிய ஸ்கிரீனிலை எங்கடை பழைய வீடியோவைப் போட்டால் சோக்கா இருக்கும். நான் ஒரே அம்பிலை பூட்டை உடைச்சு உங்களை மீட்ட துண்டு."

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

வரிசையாகச் சொல்கிறேன்.

அந்தக் கோடையில் எங்களிடம் ஒரு வீடியோ பெட்டி இருந்தது. அதற்கு மேலே பின்னல் துணி விரித்து, அதற்கு மேலே கோயில் படம் வைத்திருந்தார் அம்மா. சனிக்கிழமைகளில் அப்பா மரக்கறிக் கடையிலிருந்து முருங்கைக்காயோடு வாடகைக் கசெற்றும் கொண்டுவருவார். கடைக்காரர் கசெற்றுகளை அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் அடுக்கி வைத்திருந்தபடியால் எல்லாவற்றிலும் அரிசித் தூசும் கறுவாப்பட்டை வாசமும் இருக்கும். காட்டண்ணை படங்கள் பழையதும் புதியதுமாக நாலைந்து இருந்தன. எல்லாவற்றையும் பார்த்தோம். அப்பா ஆங்கிலம் பாதி விளங்கியும் பாதி விளங்காமலும், "இவன் எங்கடை ஆள்" என்பார். ஊரைவிட்டு ஓடி வந்த ஒருவருக்கு, அரசன் துரத்தியதால் காட்டுக்குள் போனவனைப் பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை.

வில்லை நானே செய்தேன். அப்பா பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்தார். அங்கே வயரிங் வேலை நடந்தபோது மிஞ்சிய வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய் ஒன்றைக் கொண்டுவந்து, "இது வளையும், பார்" என்று தந்தார். அதற்கு மண்ணிற டேப் சுற்றினேன். உடுப்புக் காயப்போடும் கயிற்றில் ஒரு துண்டு வெட்டி நாண் கட்டினேன். அம்புக்குத் தோட்டக் குச்சி. நுனியில் பொம்மைத் துப்பாக்கியிலிருந்து கழற்றிய ரப்பர்க் கிண்ணம். எச்சில் தொட்டு விட்டால் கண்ணாடியிலும் சுவரிலும் ஒட்டிக்கொண்டு நிற்கும். நாண் அதிரும்போது கன்னத்தில் காற்றடிக்கும். அந்தக் காற்று இன்னும் எனக்குத் தெரியும்.

யார் காட்டண்ணை என்று புல்வெளியில் போட்டி வைத்தோம். குப்பைக் கூடத்தின் இரும்புக் கதவில் சோக்கட்டியால் வட்டம். மேல்மாடிப் பஞ்சாபிப் பையன் என்னைவிட ஒரு முழம் உயரம்; அவனுடைய அம்பு வட்டத்தின் விளிம்பில் ஒட்டியது. என்னுடையது நடுவில். அவன் சோக்கட்டியை என்னிடம் கொடுத்துவிட்டு, "அப்ப நான் கெட்டவன். வரி வாங்குறவன்" என்று ஆங்கிலத்தில் சொன்னான். நல்ல கெட்டவனாகவும் இருந்தான். என் தம்பிக்கு வயது காணாது, வில்லும் பிடிக்கத் தெரியாது. ஆகவே அவன் மரம். கைகளை விரித்துக்கொண்டு நிற்க வேண்டும். நாங்கள் அவனுக்குப் பின்னால் ஒளிவோம். "மரம் கதைக்கக் கூடாது" என்று எத்தனை தரம் சொன்னாலும், "அக்கா, மூக்குக் கடிக்குது" என்பான்.

அந்த விளையாட்டு ஓகஸ்ட் மாதத்தில் ஒரு பின்னேரத்தோடு முடிந்தது. குளியலறையிலிருந்து அம்மாவைக் கூப்பிட்டேன். அம்மா எட்டிப் பார்த்து, வாயில் கை வைத்து, பிறகு சிரித்து, பிறகு பெரியம்மாவுக்குப் போன் எடுக்க ஓடினார். என்னிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. துடக்கு, தீட்டு என்று சின்ன அறைக்குள் இருத்தினார்கள். எனக்கென்று தனித் தட்டு, தனிப் பாய். காலையில் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும், பிறகு உளுத்தங்களி. முட்டை தொண்டையில் இறங்கும் வழவழப்பு இன்னும் மறக்கவில்லை.

இதெல்லாம் எல்லா வீடுகளிலும் நடந்ததுதான். இதற்காக நான் கோபப்படவில்லை. என் கோபம் அந்த அறையின் யன்னலில் தொடங்குகிறது.

யன்னல் புல்வெளியைப் பார்த்தபடி இருந்தது. இரண்டாம் நாள் கீழே என் வில்லைக் கண்டேன். தம்பியின் கையில். தலைகீழாகப் பிடித்திருந்தான்; மேல் நுனியென்று நான் தடிப்பாக டேப் சுற்றிய பக்கம் கீழே கிடந்தது. மற்றப் பிள்ளைகள் அவன் பின்னால் ஓடினார்கள். மரம் தலைவனாகிவிட்டது. பஞ்சாபிப் பையன் மட்டும் நிமிர்ந்து யன்னலைப் பார்த்து, கைகளை விரித்து, எங்கே என்பதுபோலக் கேட்டான். தம்பி அவனுக்கு ஏதோ சொன்னான். சுகமில்லை என்று சொன்னானாம்.

கதவடியில் அம்மாவைக் கேட்டேன்.

"என்ரை வில்லை ஏன் அவனுக்குக் குடுத்தனீங்கள்?"

"நீ இனி அதோடை என்ன செய்யப்போறாய்? அவன் வைச்சு விளையாடட்டும்."

"அது என்ரை. நான் செய்தது."

"சத்தம் போடாதை. கீழை சனம் இருக்கு."

பிறகு வீடியோக்காரர் வந்தார். லண்டனில் அப்போது சாமத்திய வீடென்றால் முதலில் வீடியோக்காரரைப் பிடிப்பார்கள், மண்டபம் அடுத்தது. சில குடும்பங்கள் அவருக்குத் தோதான நாளைப் பார்த்தே நல்ல நாளைப் பார்த்தன. அன்னப்பறவை, தாமரை, பல்லக்கு என்று அவரிடம் பல யோசனைகள் இருந்தன. சின்ன அறையின் கதவு அரைவாசி திறந்திருந்தது. அப்பாவின் குரல் கேட்டது.

"அன்னம் கின்னம் வேண்டாம். பிள்ளைக்குக் காட்டண்ணை எண்டால் உயிர். அது மாதிரி ஏதாவது செய்வம்."

பாயில் எழுந்து உட்கார்ந்தேன். அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது என்று நினைத்தேன்.

"விளங்குது அண்ணை," என்றார் வீடியோக்காரர். "பிள்ளை சீமாட்டி. கோட்டைக்குள்ளை அடைபட்டுக் கிடக்கிறா. தம்பி வில்லோடை வாறார். ஒரு அம்பு. பூட்டுத் தெறிக்குது. கதவு திறக்குது. புகை. பிள்ளை வெளியிலை வாறா. தாய்மாமன் மாலை போடுறார். எப்பிடி?"

"அந்த மாதிரி!" என்றார் பெரியம்மா.

நான் கதவடியில் போய் நின்று, "அப்பா, காட்டண்ணை நான்தானே?" என்று கேட்டேன்.

எல்லோரும் சிரித்தார்கள். வீடியோக்காரர் கூடச் சிரித்தார். அப்பாவின் சிரிப்பில் நக்கல் இல்லை. அதுதான் இன்னும் மோசம். "அதெப்பிடிப் பிள்ளை? உன்னைத்தானே மீட்க வேணும்," என்றார்.

எவரிடமிருந்து மீட்பது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அந்தக் கோட்டையை அப்பாதான் கட்டினார். குளிர்சாதனப் பெட்டிகள் வந்த பெரிய அட்டைகளைக் கடை கடையாகக் கேட்டு வாங்கினார். வேலை முடிந்து காலையில் வந்து, தேத்தண்ணி குடித்து, நித்திரை கொள்ளாமல் நடுவறையில் முழந்தாளிட்டு இருந்து, ஒவ்வொரு கல்லாக வரைந்து சாம்பல் நிறம் தீட்டினார். கல்லுக்குக் கல் ஓரத்தில் கறுப்புக் கோடு. சிலவற்றில் பாசி படிந்ததுபோலப் பச்சை. கதவில் ஒரு கையளவு பளபளத்த சிவப்பு அட்டையில் பூட்டு. இன்று அதை நினைத்தால் அது அன்பு என்று தெரிகிறது. தெரிந்தும் கோபம் குறையவில்லை. என்னை அடைத்து வைக்கும் சுவருக்குப் பாசி வரையத் தெரிந்த மனிதருக்கு, என்னிடம் ஒரு கேள்வி கேட்கத் தெரியவில்லை.

விழா வெஸ்ட் ஈலிங்கில், ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில். கூறைச் சேலை மாதிரி ஒரு சிவப்புச் சேலை, ஒட்டியாணம், நெற்றிச்சுட்டி, பூப்பின்னல். அதற்கு மேலே பெரியம்மா தைத்த கூம்புத் தொப்பி. நுனியில் வெள்ளை வலைத்துணி. சீமாட்டிகள் அதைத்தான் போடுவார்களாம். பூப்பின்னலுக்கு மேலே தொப்பி நிற்கவில்லை. ஊசி குத்திக் குத்தி நிறுத்தினார்கள். ஒவ்வொரு ஊசிக்கும் "அசையாதை, அசையாதை" என்று அம்மா சொன்னார்.

கோட்டைக்குள் பசை மணமும் பெயின்ற் மணமும். பார்க்க ஒரு சின்னச் சதுர ஓட்டை. அதற்குள்ளால் தம்பி வருவதைக் கண்டேன். பச்சைச் சட்டை, இடுப்பில் அம்மாவின் பெல்ற், தொப்பியில் தூசு தட்டும் கட்டையிலிருந்து பிடுங்கிய இறகு. கையில் என் வில். தலைகீழாக.

முதல் அம்பு அவன் காலடியில் விழுந்தது. சனம் சிரித்தது.

"பரவாயில்லை மோனை, இன்னொருக்கா," என்றார் வீடியோக்காரர்.

இரண்டாவது பக்கவாட்டில் போய் ஆலத்தித் தட்டோடு நின்ற ஒரு அன்ரியின் சேலையில் மோதியது. சிரிப்பு கூடியது. தம்பியின் கீழுதடு பிதுங்கத் தொடங்கியது. மூன்றாவது முறை நாணை இழுக்கத் தெரியாமல் வில்லையே முழங்காலில் ஊன்றி வளைத்தான். டேப் பிரிந்தது. குழாயில் ஒரு வெள்ளை மடிப்பு விழுவதை ஓட்டையால் பார்த்தேன். அது மடிந்தால் பிறகு நிமிராது. எனக்குத் தெரியும், நான் செய்தது.

நான் கதவை உதைத்தேன். அட்டைதானே, அப்பா வரைந்த கற்களோடு அப்படியே முன்னால் சாய்ந்தது. வெளியே நடந்துபோய்த் தம்பிக்கு முன்னால் கையை நீட்டினேன்.

"இஞ்சை தா."

தந்துவிட்டான். அவனுக்கு ஆறுதலாகக்கூட இருந்திருக்கும். சாய்ந்த கதவை நிமிர்த்திப் பிடிக்கும்படி தாய்மாமனுக்குச் சொன்னேன். அவர் பாவம், மாலையை ஒரு கையில் வைத்துக்கொண்டு மறு கையால் பிடித்தார். தம்பி நின்ற அதே இடத்திலிருந்து அம்பின் நுனியை நாக்கில் தொட்டு, வில்லைச் சரியான பக்கமாகத் திருப்பி, இழுத்து விட்டேன். கன்னத்தில் காற்று. சிவப்புப் பூட்டின் நடுவில் அம்பு ஒட்டிக்கொண்டு ஆடியது.

பின்வரிசையிலிருந்து ஒரே ஒரு விசில். பஞ்சாபிப் பையன்.

அதற்குப் பிறகு நடந்தது பக்கத்து அறையில். அம்மாவின் கை கன்னத்தில் விழுந்தது. காற்றுப் பட்ட அதே கன்னம். "பொம்பிளைப் பிள்ளை எல்லாருக்கும் முன்னாலை வில்லும் கையுமா! சம்பந்தம் பேச வாற சனம் இதைத்தான் கதைக்கும்," என்றார். எனக்கு அப்போது பதின்மூன்று வயதுகூட ஆகவில்லை. அப்பா கேக் வெட்ட வைத்திருந்த கத்தியை எடுத்து வந்தார். பிடியில் ரோசா நிற றிப்பன் கட்டியிருந்தது. அதனால் நாணை அறுத்தார். குழாயை இரண்டாக மடித்து, சாப்பிட்ட காகிதத் தட்டுகள் நிறைந்த கறுப்புப் பைக்குள் செருகினார். "எல்லாரும் பாக்கினம் பிள்ளை," என்றார். வளையும் பார் என்று தந்தவர்.

முகம் கழுவி, மறுபடி பவுடர் போட்டு, சிம்மாசனத்தில் இருத்தினார்கள். தண்ணீரும் பாலும் வார்ப்பது வீட்டில் முன்னமே முடிந்திருந்தது. மண்டபத்தில் ஆலத்தியும் படம் எடுப்பும். சோடி சோடியாகப் பெண்கள் வந்து ஆலத்தி எடுத்தார்கள். நான் எல்லோருக்கும் சிரித்தேன்.

கசெற் வந்தபோது குடும்பமாக இருந்து பார்த்தோம். தம்பி வில்லை உயர்த்துகிறான். உடனே திரையில் ஒரு பெரிய ரோசா நிற இதயம். அதற்குள் இரண்டு அன்னங்கள் கழுத்தைக் கோத்துக்கொள்கின்றன. அன்னங்கள் பறந்துபோனதும் கோட்டை திறந்திருக்கிறது, நான் சிம்மாசனத்தில் இருக்கிறேன், பின்னால் பூட்டில் அம்பு ஒட்டியிருக்கிறது. "வடிவா எடுத்திருக்கிறார்," என்றார் அம்மா. அப்பா திரையைப் பார்க்காமல் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து கதை அதுதான். ஒரே அம்பு, தம்பி விட்டது. கலியாண வீடுகளில் சொன்னார்கள். அப்பாவின் செத்த வீட்டில்கூட ஒரு மாமா சொல்லிச் சிரித்தார். அக்கா சரியான கூச்சக்காரி, கோட்டைக்குள்ளிருந்து வெளியே வரவே பயந்தவ என்று தம்பி தன் மனைவிக்குச் சொல்வதை என் காதால் கேட்டேன். படமாக்கியவனிடம்தான் கதை போய்ச் சேர்கிறது. அறுநூறு எழுநூறு வருடத்துக் காட்டண்ணைக்கும் இதுதான் நடந்திருக்கும்.

போன சனிக்கிழமை கசெற்றைக் கணினிக்கு மாற்றி எடுத்துக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனேன். கொடுப்பதா இல்லையா என்று அப்போதும் முடிவெடுக்கவில்லை. முன்னறையில் விழா ஏற்பாட்டுக்காரர் நின்றார். இப்போது வீடியோக்காரர் தனி, ஏற்பாட்டுக்காரர் தனி. வாடகை உடுப்பு, வாடகைத் திரைச்சீலை, அதோடு ஒரு வில். பொன்னிறத்தில் இலை கொடி எல்லாம் செதுக்கியது, மிக அழகு. நாணைத் தொட்டுப் பார்த்தேன். விறைத்த பிளாஸ்டிக். அம்பைப் பசை போட்டு வில்லோடேயே ஒட்டியிருந்தார்கள்.

"இதாலை அம்பு விட ஏலாதே," என்றேன்.

"விடத் தேவையில்லை அன்ரி. பிள்ளை சும்மா பிடிச்சுக்கொண்டு நிண்டால் காணும். அம்பு பறக்கிறதெல்லாம் எடிற்றிலை வரும்."

முப்பது வருடத்துக்கு மேல் போய்விட்டது. பெண்பிள்ளையின் கையில் வில்லைக் கொடுத்துவிட்டோம் என்று பீற்றிக்கொள்ளும் காலத்தில், அம்பை ஒட்டித்தான் கொடுத்திருக்கிறார்கள். ஏற்பாட்டுக்காரர் போகும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். பிறகு, "போடு படத்தை," என்றேன்.

தம்பி, அவன் மகள், நான். அவன் மனைவி அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிப்போயிருந்தார். இதயம் வந்தது. அன்னங்கள் வந்தன. மகள் சோபாவில் விழுந்து விழுந்து சிரித்தாள். தம்பி அந்தப் பழைய வசனத்தைத் தொடங்கினான்: "பார், ஒரே அம்பிலை..."

"அப்பா, வெயிற். இதிலை அழுறது நீங்கள்தானே?"

அவள் படத்தை நிறுத்தினாள். நான் அதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஆனால் எப்போதும் அம்பையே பார்த்திருக்கிறேன். சிம்மாசனத்துக்கு வலப்பக்கம், திரையின் ஓரத்தில், இறகுத் தொப்பியோடு ஒரு சின்னப் பையன். கையில் வில் இல்லை. வாய் கோணி அழுகிறான்.

"நீங்கள் வின் பண்ணினீங்கள் எல்லே? பிறகு ஏன் அழுறீங்கள்? உங்கடை வில் எங்கை?"

தம்பி திரையைப் பார்த்தபடி இருந்தான். அவனுடைய தலையிலும் நரை வந்துவிட்டது.

"அது என்ரை வில் இல்லை," என்றான்.

"அப்ப ஆற்றை?"

"இந்த மாமியின்ரை. அம்பும் மாமி விட்டதுதான். நான் மூண்டு தரம் விட்டனான், ஒண்டும் படேல்லை." பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னான். "பக்கத்து அறைக் கதவு திறந்திருந்தது. அம்மா அடிச்சதும் தெரிஞ்சது, அப்பா வில்லை மடிச்சதும் தெரிஞ்சது. எனக்கு ஒருத்தரும் அடிக்கேல்லை. சொக்லேற் தந்தவை."

அவனுக்குத் தெரிந்திருக்கிறது. நான் அவன் மறந்துவிட்டான் என்று நினைத்திருந்தேன். மறந்தவனை மன்னித்திருக்கலாம். இத்தனை வருடமும் தெரிந்துகொண்டே, கலியாண வீடு கலியாண வீடாக, ஒரே அம்பு என்று சொல்லியிருக்கிறான்.

"அக்கா, அந்த அன்னத் துண்டை வெட்டிவிடட்டே? இல்லாட்டி முழுக்கப் போடாமல் விடுவம்."

"இவ்வளவு காலமும் வெட்டினது காணும்," என்றேன். "அன்னமும் வரட்டும், நீ அழுறதும் வரட்டும். நீயே மைக்கைப் பிடிச்சு என்ன நடந்தது எண்டு சொல்லு. எல்லாரும் பாக்கட்டும்."

அவன் தலையாட்டினான். மகள் சுவரில் சாத்தியிருந்த பொன்னிற வில்லைப் போய் எடுத்து, அம்பை இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. தகப்பனைப் பார்த்தாள்.

தம்பி எழும்பிக் குசினிக்குப் போய் ஒரு கத்தியோடு வந்தான். "பழுதாக்கினால் வாடகைக்காரன் கத்துவான்," என்று தனக்குள் சொல்லிக்கொண்டே பசையைச் சுரண்டினான். அம்பு பிரிந்தது. பிறகு அந்த விறைத்த நாணை அறுத்தெறிந்துவிட்டு, பல்கணியிலிருந்து உடுப்புக் கயிற்றில் ஒரு துண்டு வெட்டி வந்து கட்டப் பார்த்தான். வில்லைத் தலைகீழாகப் பிடித்திருந்தான்.

நான் கையை நீட்டினேன்.

"இஞ்சை தா."